என்ஜின் கணினியின் பூர்விகம்: பதிவேட்டில் இல்லாத எண்

புதுதில்லி: மேற்கு தில்லியின் மாயாபுரி சந்தையில் கழற்றப்பட்ட கதவுகள், கியர்பாக்ஸ்கள், முகப்பு விளக்குகள் ஆகியவற்றின் குவியலுக்கிடையே சிறிய அலுமினியப் பெட்டிகளும் விற்பனைக்குக் கிடக்கின்றன. மெக்கானிக்குகள் "இசிஎம்' என்று அழைக்கும் என்ஜின் கணினிகள் அவை. எரிபொருளை எப்போது, எவ்வளவு செலுத்துவது என்பது முதல் புகையின் அளவு வரை தீர்மானிப்பது இந்தப் பெட்டிதான். மழைக்காலத்தில் தில்லியின் சுரங்கப்பாதைகளில் தேங்கும் நீரில் சிக்கும் கார்களில் முதலில் பழுதாவனவற்றுள் இதுவும் ஒன்று. புதியதன் விலை கட்டுப்படியாகாதவர்கள் காயலான் கடையை நாடுகின்றனர்.

அங்கே வாங்கும் கணினி முன்பு எந்தக் காரில் இருந்தது? காரின் பதிவுச் சான்றிதழில் சேஸிஸ் எண்ணும் என்ஜின் எண்ணும் உண்டு. இவ்விரண்டும் வாகனத்தில் பொறிக்கப்பட்டிருக்க வேண்டும் என 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகள் கூறுகின்றன. கணினியின் எண் பதிவுச் சான்றிதழில் இடம் பெறுவதில்லை. எனவே, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் ஆவணங்களைப் புரட்டி அதன் பழைய உரிமையாளரைக் கண்டறிய வழியில்லை.

இருப்பினும், பெட்டி முற்றிலும் ஊமையல்ல. அதன் மேல் ஒட்டப்பட்டிருக்கும் சீட்டு ஓரளவு பேசும். பாஷ் நிறுவனத்தின் தயாரிப்பு என்றால், 0281 எனத் தொடங்கும் எண் டீசல் என்ஜினுக்கானது. 0261 எனத் தொடங்குவது பெட்ரோல் என்ஜினுக்கானது. கார் நிறுவனங்களும் தனி எண் இடுகின்றன. சுஸுகிக்கு 33920, டொயோட்டாவுக்கு 89661, ஹோண்டாவுக்கு 37820 என்பன பரவலாகக் காணப்படும் தொடக்க எண்கள். ஹோண்டாவில் இதையடுத்து வரும் எழுத்தும் எண்ணும் கலந்த பகுதி, எந்த ரகக் காருக்கானது என்பதைக் காட்டிவிடும். ஆனால், சீட்டு சொல்வது ரகத்தை மட்டுமே. ஒரே ரகத்தில் ஆயிரக்கணக்கான கார்கள் ஓடும்போது, அவற்றுள் எது என்பதைச் சீட்டு சொல்லாது.

அதைச் சொல்லக்கூடியது உள்ளேயுள்ள நினைவகம். பாரத் ஸ்டேஜ் 4 தரத்திலான கார்களுக்கு 2013 ஏப்ரல் முதல் ஓபிடி-2 எனும் தற்பரிசோதனை வசதி கட்டாயமானது. அதன் பின் வந்த பல கார்களில், ஸ்டியரிங் கீழே உள்ள இணைப்பில் கருவியைப் பொருத்தினால் 17 இலக்க வாகன அடையாள எண்ணைப் படித்துவிடலாம். "எம்ஏ3' எனத் தொடங்கினால் மாருதி, "எம்ஏஎல்' என்றால் ஹூண்டாய், "எம்ஏடி' என்றால் டாடா. முழு எண்ணும் கிடைத்துவிட்டால் பழைய உரிமையாளரின் வாசல் வரை போலீஸாரால் செல்ல முடியும்.

சிக்கல் தொடங்குவது இங்குதான். திருட்டைத் தடுக்க, காரின் சாவியும் கணினியும் ஒன்றையொன்று அடையாளம் காணும்படி அமைக்கப்பட்டுள்ளன. ஒரு காரின் கணினியை மற்றொன்றில் பொருத்தினால் பொதுவாக என்ஜின் உயிர்பெறாது. ஆகவே மெக்கானிக் பழைய நினைவை அழிக்கிறார். அல்லது பழுதான கணினியில் இருந்த விவரங்கள் அனைத்தையும் புதிதாக வாங்கியதில் நகலெடுக்கிறார். நேர்மையான பழுதுபார்ப்புக்கு இது இன்றியமையாதது. திருட்டுத் தடயத்தை அழிப்பதற்கும் இதே வேலை, இதே கருவி. செய்பவரின் நோக்கம் மட்டுமே வேறு.

கார் திருடும் கும்பல்கள் ஏற்கெனவே தயார் செய்த மாற்றுக் கணினியைக் கையோடு கொண்டுவந்து பொருத்திக் காரைக் கிளப்பிச் செல்லும் உத்தி, தலைநகரப் போலீஸாருக்குப் பழகிப்போன ஒன்று.

வேகத்துக்காகவும் இழுவைத் திறனுக்காகவும் மென்பொருள் மாற்றப்பட்ட கணினியானால் குழப்பம் மேலும் கூடும். சீட்டு ஒரு கதை சொல்லும், உள்ளிருக்கும் மென்பொருள் வேறு கதை சொல்லும். மூடியின் ஓரத்தில் பசை கிளறப்பட்ட தடம், தகட்டில் புதிய பற்றவைப்பு ஆகியவை முதல் அறிகுறிகள். மென்பொருளின் பெயர் எண்ணோடு சேர்ந்து வரும் சரிபார்ப்பு எண் உற்பத்தியாளரின் எண்ணோடு பொருந்தாவிட்டால், உள்ளே கை வைக்கப்பட்டிருப்பது ஏறத்தாழ உறுதி. அந்த ஒப்பீட்டுப் பட்டியல் உற்பத்தியாளரிடம் இருக்கிறது. காயலான் கடை வாடிக்கையாளரிடம் இல்லை. புகைச் சான்றிதழ் மையமும் இதற்கு உதவாது. அங்கு அளக்கப்படுவது புகைக்குழாயிலிருந்து வெளிவருவது மட்டுமே. டீசல் கார்களின் நைட்ரஜன் ஆக்சைடு அதிலும் சேர்த்தியில்லை. மென்பொருளால் என்ன செய்ய முடியும் என்பதை 2015-இல் ஃபோக்ஸ்வேகன் விவகாரம் உலகுக்கே காட்டியது. அதையொட்டி இந்தியாவில் மட்டும் சுமார் 3.23 லட்சம் கார்களைத் திரும்பப் பெறுவதாக அந்நிறுவனம் அறிவித்தது.

நாடாளுமன்றம் இப்பொருளை முற்றிலும் தொடாமல் விடவில்லை. 2019 ஜூலை 31-இல் மாநிலங்களவையில் நிறைவேறிய மோட்டார் வாகனத் திருத்த மசோதா, அனுமதியின்றி வாகனத்தில் மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு 6 மாதம் வரை சிறை அல்லது ஒரு மாற்றத்துக்கு ரூ. 5,000 அபராதம் எனும் 182ஏ பிரிவைக் கொண்டுவந்தது. அதே ஆண்டு ஜனவரியில், உற்பத்தியாளரின் மூல வடிவமைப்புக்கு மாறாக வாகனத்தை மாற்றக் கூடாது என உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்திருந்தது. ஆனால், மாற்றப்பட்ட சைலன்ஸர் காதில் விழும். அகலமான டயர் கண்ணில் படும். மென்பொருளை எந்தப் போக்குவரத்துக் காவலர் சாலையோரத்தில் படிக்கப் போகிறார்?

மீரட்டின் சோதிகஞ்ச் சந்தையும் இந்தக் கதையில் வருகிறது. திருட்டு வாகனங்களைப் பிரித்து விற்பதற்குப் பேர்போன அச்சந்தை 2021 டிசம்பரில் இழுத்து மூடப்பட்டது. அம்மாதமே ஷாஜஹான்பூர் கூட்டத்தில் பிரதமர் மோடி அதைக் குறிப்பிட்டுப் பேச, உத்தரப் பிரதேசத் தேர்தல் களத்தில் அது ஆளும் தரப்பின் சாதனைப் பட்டியலில் ஏறியது. சந்தையை மூடலாம், பாகங்களுக்கான தேவை எங்கே போகும்?

வாங்குபவரின் நிலைதான் பரிதாபம். திருட்டுப் பொருள் எனத் தெரிந்தோ, அப்படிக் கருதக் காரணம் இருந்தோ நேர்மையற்ற முறையில் வாங்குவோருக்கு பாரதிய நியாய சம்ஹிதாவின் 317-ஆவது பிரிவின்படி 3 ஆண்டுகள் வரை சிறை விதிக்கலாம். ரசீது இல்லாமல், சீட்டு கிழிக்கப்பட்ட பெட்டியைப் பாதி விலைக்கு வாங்கிய வாடகைக் கார் ஓட்டுநர், "எனக்குத் தெரியாது' என்று சொல்லித் தப்புவது எளிதன்று.

2021 செப்டம்பரில் வெளியான வாகன உடைப்பு மைய விதிகள், உடைக்க வரும் வாகனம் திருடப்பட்டதா என தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் பதிவுகளோடு ஒப்பிட்ட பிறகே ஏற்க வேண்டும் என்கின்றன. சேஸிஸ் எண் பொறித்த துண்டை வெட்டியெடுத்துப் பத்திரப்படுத்தவும் அவை வகை செய்கின்றன. அந்தத் துண்டோடு கணினியின் எண்ணையும் குறித்துக்கொண்டு, பாகத்தை விற்கும் ரசீதில் அதை எழுதித் தரச் செய்வதற்குப் புதிய சட்டம்கூடத் தேவையில்லை. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஒரு விதித் திருத்தம் போதும்.