டர்பைன் தண்டு நகர்ந்தால் எப்படித் தெரியும்?

அனல்மின் நிலையத்தில் நிமிடத்துக்கு 3,000 முறை சுழலும் டர்பைனில், நீராவி தண்டைச் சுழற்றுவதோடு நிற்பதில்லை. நீளவாக்கில் ஒரு பக்கமாகத் தள்ளவும் செய்கிறது. அந்த விசையைத் தாங்குவது திரஸ்ட் பேரிங். தண்டோடு சுழலும் வட்டமான காலருக்கும், இருபுறமும் நிற்கும் பேடுகளுக்கும் நடுவே தலைமுடியைவிட மெல்லிய எண்ணெய்ப் படலம் இருக்கும்.

ஏன் கண்காணிக்க வேண்டும்? பேடுகளின் மேற்பூச்சு, வெள்ளீயம் கலந்த மென்மையான பாபிட் உலோகம். பிளேடுகளில் உப்பு படிந்தாலோ, நீராவியோடு தண்ணீர் புகுந்தாலோ விசை எகிறும். படலம் அறுந்தால் பாபிட் உருகி வழியும். தண்டு நகர்ந்து, சுழலும் பிளேடு நிலையான பாகத்தில் மோதும். இதெல்லாம் நொடிகளில் நடக்கக்கூடியது.

எப்படி அளக்கிறார்கள்? காலருக்கு அருகே தண்டைத் தொடாமல் ஒரு பிரோப் பொருத்தப்படும். அதன் முனைச் சுருள் உண்டாக்கும் காந்தப்புலம், எதிரே உள்ள எஃகில் சுழல் மின்னோட்டத்தைத் தூண்டும். இடைவெளி மாறினால் வோல்டேஜ் மாறும். பரவலாகப் பயன்படும் பிரோப்களில் மில்லிமீட்டருக்குச் சுமார் 7.87 வோல்ட். தண்டு எவ்வளவு நகர்ந்தது என்பது உடனே தெரிந்துவிடும்.

பிரோப்பின் கேபிள் ஒன்று அறுந்ததற்காக ஆலையே நின்றுவிடக் கூடாதே! அதனால் வழக்கமாக இரண்டு பிரோப்கள். ஒன்று எல்லை தாண்டினால் அலாரம் மட்டும். இரண்டும் அபாய எல்லையைத் தாண்டினால், யாரையும் கேட்காமல் டர்பைன் டிரிப் ஆகும், அதாவது தானாக நின்றுவிடும்.