எடைமேடை அறையில் ஒரே பிரிண்டர்





அனந்தபுரம், செஞ்சி, விழுப்புரம் வட்டாரத்தில் நெல்லும் கரும்பும் மணிலாவும் ஏற்றிய வண்டிகள் வந்து நிற்கும் கம்ப்யூட்டர் எடைமேடைகளில், எடையைக் காட்டும் பழைய இண்டிகேட்டர் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கும். வண்டி எண்ணை அதிலேயே அடித்தால் மொத்த எடை, வெறும் வண்டி எடை, நிகர எடை மூன்றையும் அதுவே அச்சடித்துத் தரும். பின்னாளில் வாங்கிய கம்ப்யூட்டர் பக்கத்தில் இருக்கும். டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் மட்டும் ஒன்றே ஒன்று.

கம்ப்யூட்டர்தான் வந்துவிட்டதே, இண்டிகேட்டரின் பிரிண்டர் வயரைக் கழற்றிவிடலாமா? கூடாது. அறுவடை நேரத்தில் விண்டோஸ் நின்றுபோனால் வண்டிகள் வரிசையில் காத்துக் கிடக்கும். விவசாயிக்கு எடைச்சீட்டுதான் பணம். இரண்டிலிருந்தும் சீட்டு வர வேண்டும்.

எப்சன் எல்எக்ஸ்-300 பிளஸ் போன்ற பிரிண்டர்களில் சீரியல், பேரலல் என இரண்டு சாக்கெட்டுகளும் உண்டு. இண்டிகேட்டரைச் சீரியலிலும் கம்ப்யூட்டரைப் பேரலலிலும் மாட்டி, பிரிண்டரின் அமைப்பில் 'ஆட்டோ' என்று வைத்தால் போதும். எதிலிருந்து முதலில் தகவல் வருகிறதோ அதை அச்சடிக்கும். அது ஓய்ந்து 10 அல்லது 30 விநாடி கழித்தே அடுத்ததை ஏற்கும். சீரியல் பக்கம் மட்டும் கவனம் தேவை. இண்டிகேட்டர் 2400 வேகத்தில் அனுப்ப, பிரிண்டர் 9600-ல் காத்திருந்தால் தாளில் குப்பைதான் விழும்.

இண்டிகேட்டர், கம்ப்யூட்டர் இரண்டிலுமே பேரலல் சாக்கெட் மட்டும்தான் என்றால் திருகு வைத்த சுவிட்ச் பெட்டி வேண்டும். பேரலல் கேபிளை இரண்டு, மூன்று மீட்டருக்குள் வைத்துக்கொள்ளுங்கள். அச்சு ஓடும்போது திருகைத் தொடவே கூடாது.

உண்மையான தொல்லை கேபிளில் இல்லை. முன்னால் தகவல் அனுப்பிய கருவி விட்டுச் சென்ற நிலையிலேயே பிரிண்டர் நிற்கிறது. கம்ப்யூட்டர் தமிழ்ச் சீட்டைப் பெரும்பாலும் படமாக, புள்ளி புள்ளியாக அனுப்புகிறது. பாதியில் அதை நிறுத்திவிட்டால், இண்டிகேட்டர் அனுப்பும் எண்களையும் பிரிண்டர் புள்ளிகளாகவே எடுத்துக்கொள்ளும். எடைக்குப் பதில் கிறுக்கல் விழும். எழுத்தைச் சுருக்கும் 15-ஆம் குறியீடு தங்கிவிட்டால் நிகர எடை கண்ணுக்கே தெரியாத அளவில் வரும். எப்சன் வகைப் பிரிண்டர்களுக்கு 27, 64 என்ற இரண்டு குறியீடுகளை அனுப்பினால் பழைய அமைப்பெல்லாம் நீங்கிவிடும். ஒவ்வொரு சீட்டுக்கு முன்னும் அதை அனுப்பும்படி மென்பொருளிலும், இண்டிகேட்டர் இடம் கொடுத்தால் அதிலும் அமைக்கச் சொல்லுங்கள். அச்சு பாதியில் நின்ற படத்துக்கு மட்டும் அதுவும் உதவாமல் போகலாம். பிரிண்டரை அணைத்துப் போடுவதே நிச்சயமான வழி.

1983-ல் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம் கொண்டுவந்த விடி220 டெர்மினலில், பிரிண்டருக்கு எது போக வேண்டும் என்பதைப் பிரித்துச் சொல்ல அருமையான ஏற்பாடு இருந்தது. தொலைவிலுள்ள பெரிய கணினி ஒரு குறியீடு அனுப்பினால் அதன்பின் வருவதெல்லாம் திரையை விட்டுவிட்டுப் பிரிண்டருக்குப் போகும். முடிவுக் குறியீடு வந்ததும் திரைக்குத் திரும்பும். அங்கே பேச்சை நடத்துவது ஒரே கணினி. நம் எடைமேடை அறையில் ஒன்றையொன்று அறியாத இரண்டு கருவிகள். அந்த ஒழுங்கை நாம்தான் ஏற்படுத்த வேண்டும்.

பிரிண்டர் இணைப்புக்காக இண்டிகேட்டரின் மூடியைத் திறக்கவே திறக்காதீர்கள். எடையளவுத் துறையின் முத்திரை உடைந்தால், மறுபடி முத்திரை பெறும்வரை அதில் எடை போட முடியாது. வெளியே உள்ள சாக்கெட் போதும்.

எடைமேடை நடத்துகிறவர்களே, அடுத்த அறுவடைக்கு முன்பே கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு இண்டிகேட்டரிலிருந்து ஒரு சீட்டு எடுத்துப் பாருங்கள். விவசாயிகளே, தேதி, வண்டி எண், மூன்று எடைகள் ஆகியவை தெளிவாக விழாத சீட்டை வாங்கிக்கொண்டு வண்டியை எடுக்காதீர்கள். இன்னொன்று அடித்துத் தரச் சொல்லுங்கள்.