முன்பணமும் வைத்தியமும்

கொலராடோ நதியின் நீரை லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்குக் கொண்டுசெல்லும் பெருங்கால்வாயைக் கலிபோர்னியாவின் தென்கிழக்குப் பாலைவனத்தில் ஆயிரக்கணக்கான தொழிலாளர் வெட்டிக்கொண்டிருந்த 1933ஆம் ஆண்டில், சிட்னி கார்ஃபீல்டு என்ற இளம் வைத்தியர், அவர்களை நம்பி அங்கே 12 படுக்கைகள் கொண்ட சிறிய ஆஸ்பத்திரி ஒன்றைக் கட்டினார். நோயாளிகளுக்குக் குறைவில்லை, வருமானத்துக்குத்தான் குறைவு. இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் தர வேண்டிய பணத்தைத் தாமதித்தே தந்தன. கையில் காசில்லாத தொழிலாளியைத் திருப்பியனுப்பவோ வைத்தியருக்கு மனம் வரவில்லை. ஆஸ்பத்திரியை இழுத்துப் பூட்டுவதைத் தவிர வேறு மார்க்கமில்லை என்றிருந்த வேளையில், ஹாரல்டு ஹாட்ச் என்ற இன்ஷூரன்ஸ் அதிகாரி ஒரு யோசனை சொன்னார். காயம் பட்டாலும் படாவிட்டாலும், தொழிலாளி ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 சென்ட் வீதம் கம்பெனி முன்கூட்டியே வைத்தியருக்குக் கட்டிவிடும். வேலையினால் வராத நோய்களுக்கும் சிகிச்சை வேண்டுவோர் தம் கூலியிலிருந்து இன்னும் 5 சென்ட் கொடுக்கலாம்.

இந்த ஏற்பாட்டினால் விந்தையான ஒரு மாறுதல் உண்டாயிற்று. அதுவரை நோயாளி வந்தால்தான் வைத்தியருக்கு வரும்படி. இப்போதோ நோயாளி வந்தால் செலவு, வராமலிருந்தால் மிச்சம். ஆணி குத்திய காலோடு பலர் வருவதைக் கண்ட கார்ஃபீல்டு, வேலை நடக்கும் இடத்துக்கே சென்று, பலகைகளில் துருத்திக்கொண்டிருந்த ஆணிகளை அப்புறப்படுத்தச் செய்தார். நோயைத் தீர்ப்பதைக் காட்டிலும் வராமல் தடுப்பதே லாபகரமானது என்று ஒரு வைத்தியரின் கணக்குப் புத்தகமே சொல்லத் தொடங்கியது. பின்னர் ஹென்றி கைஸர் என்ற தொழிலதிபரோடு சேர்ந்து, கிராண்ட் கூலி அணைக்கட்டிலும், யுத்த காலத்தில் ரிச்மண்டு கப்பல் கட்டும் தளங்களிலும் இம்முறையைக் கையாண்ட கார்ஃபீல்டு, 1945இல் பொதுமக்களுக்கும் அதைத் திறந்துவிட்டார். கைஸர் பெர்மனென்ட்டே என்று அமெரிக்கா இன்று அறிந்திருக்கும் ஸ்தாபனத்தின் பூர்விகம் இதுவே.

1970ஆம் ஆண்டில் பால் எல்வுட் என்ற வைத்தியர் இத்தகைய அமைப்புகளுக்கு ஆரோக்கியப் பராமரிப்பு ஸ்தாபனம் என்ற பொருளில் எச்.எம்.ஓ. என்று பெயர் சூட்டினார்; 1973இல் ஜனாதிபதி நிக்ஸன் கையெழுத்திட்ட சட்டம் அவற்றுக்குச் சர்க்காரின் ஆதரவைத் தேடித் தந்தது. 'மானேஜ்டு கேர்' என்று வழங்கும் நிர்வகிக்கப்பட்ட சிகிச்சை இவ்வாறு பரவிற்று. தலைக்கு இவ்வளவு என்று முன்பணம். ஸ்தாபனத்தின் ஜாபிதாவில் உள்ள வைத்தியரிடமே செல்ல வேண்டும் என்ற நியதி. நிபுணரைப் பார்க்கக் குடும்ப வைத்தியரின் சீட்டு. பெரிய சிகிச்சைகளுக்கு முன்கூட்டிய அனுமதி: இவையே அதன் அங்கங்கள்.

ஆனால் இந்த ஏற்பாட்டின் நடுவே ஒரு சந்தேகமும் குடிகொண்டிருந்தது. ஆணியை அகற்றினாலும் பணம் மிச்சம். ஆணி குத்தியவனை உள்ளே விடாமல் இருந்தாலும் பணம் மிச்சம். கணக்குப் புத்தகத்தில் இரண்டும் ஒரே பத்தியில் ஒரே தொகையாகவே விழும். எது எந்த மிச்சம் என்று பிரித்தறிய வேண்டுமானால், செலவை மட்டும் பாராமல், சிகிச்சை பெற்றவனின் உடல்நிலையையும் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்க்க வேண்டும்.

அந்த அரிய காரியத்தை ராண்ட் ஆராய்ச்சி நிலையம் மேற்கொண்டது. பொருளாதார அறிஞர் ஜோஸப் நியூஹவுஸின் தலைமையில், 1974 முதல் 1982 வரை, ஆறு இடங்களில் ஏறக்குறைய 2,750 குடும்பங்களைச் சேர்ந்த 7,700 பேரை அது பரிசோதனைக்கு எடுத்துக்கொண்டது. யாருக்கு எந்த இன்ஷூரன்ஸ் என்பதைத் திருவுளச்சீட்டுப் போலத் தற்செயலுக்கே விட்டுவிட்டதுதான் அதன் விசேஷம். ஆரோக்கியமுள்ளவர்களே ஒரு பக்கமாகச் சேர்ந்துகொண்டு முடிவைக் கோணலாக்கிவிட்டார்கள் என்று பிறகு ஒருவரும் ஆக்ஷேபிக்க முடியாது. ஸியாட்டில் நகரில் ஒரு பகுதியினர் எச்.எம்.ஓ. ஒன்றில் சேர்க்கப்பட்டனர்; மற்றொரு பகுதியினருக்கு, விரும்பிய வைத்தியரிடம் இலவசமாகச் சிகிச்சை பெறும் வசதி அளிக்கப்பட்டது. எச்.எம்.ஓ.வில் இருந்தோருக்கான செலவு சுமார் 25 சதவீதம் குறைந்தது. அவர்கள் ஆஸ்பத்திரியில் படுப்பது சுமார் 40 சதவீதம் குறைந்தது. அப்படியிருந்தும், சராசரி மனிதனின் உடல்நிலையில் குறிப்பிடத்தக்க கெடுதல் ஒன்றும் காணப்படவில்லை. அவசியமில்லாமல் படுக்கையில் கிடந்தவர்கள் அதுவரை எத்தனை பேர் என்பதையே அந்த எண்கள் எடுத்துக்காட்டின.

சராசரியோடு நின்றிருந்தால் விஷயம் அங்கே முடிந்திருக்கும். ஜான் வேர் முதலிய ஆராய்ச்சியாளர்கள் அதைப் பிரித்துப் பார்த்தபோது வேறொரு காட்சி தெரிந்தது. வசதி படைத்தவர்களில் ஏற்கெனவே நோயுற்றிருந்தவர்கள் எச்.எம்.ஓ.வில் நன்மையே பெற்றிருந்தனர். ஏழைகளில் நோயுற்றிருந்தவர்களோ இலவச சிகிச்சை பெற்ற தம் போன்றோரைவிடப் பின்தங்கிப் போயிருந்தனர். இதன் காரணத்தை ஊகிப்பது கடினமன்று. அனுமதி கேட்கவும், மறுத்தால் வாதாடவும், ஒரு நாள் கூலியை இழந்து மறுமுறை வரவும் எல்லோராலும் முடிவதில்லை.

ராண்ட் பரிசோதனையில் முதியோர் சேர்க்கப்படவில்லை. அக்குறையை ஓரளவு நிறைவு செய்தது, பாஸ்டன், சிகாகோ, லாஸ் ஏஞ்சல்ஸ் நகரங்களில் நீடித்த நோயுள்ள 2,235 பேரை நான்காண்டுகள் தொடர்ந்து கவனித்து, 1996இல் முடிவு வெளியிடப்பட்ட ஆராய்ச்சி. இங்கேயும் சராசரியில் பேதமில்லை. ஆனால் 65 வயதைக் கடந்தோரில், எச்.எம்.ஓ.வில் இருந்தவர்களில் 54 சதவீதத்தினரின் உடல்நிலை தாழ்ந்தது. ஒவ்வொரு சிகிச்சைக்கும் தனித்தனியே கட்டணம் செலுத்தும் பழைய முறையில் இருந்தவர்களிடையே அது 28 சதவீதமே. இவர்கள் தற்செயல் முறையில் பிரிக்கப்பட்டவர்களல்லர் என்பதை நினைவிற் கொண்டே இம்முடிவை ஏற்க வேண்டும். ஆயினும் ஏழை நோயாளிகள் விஷயத்தில் ஸியாட்டில் சொன்னதையே இம்மூன்று நகரங்களும் சொன்னபோது அதைப் புறக்கணிப்பதும் நியாயமாகாது.

இதற்கிடையே பொதுஜனங்களின் பொறுமை எல்லை கடந்தது. பிரசவித்த தாயை மறுநாளே வீட்டுக்கு அனுப்பும் வழக்கம் பெரும் கண்டனத்துக்கு உள்ளாகி, சுகப் பிரசவத்துக்கு 48 மணி நேரமும், அறுவைப் பிரசவத்துக்கு 96 மணி நேரமும் ஆஸ்பத்திரியில் தங்குவதற்கான செலவை மறுக்கலாகாது என்று 1996இல் சட்டம் பிறந்தது. சிகிச்சையின் தரத்தை அளந்து பகிரங்கப்படுத்தும் முயற்சியும் அக்காலத்தில் வலுப்பெற்றது. மாரடைப்புக்குப் பின் கொடுக்க வேண்டிய பீட்டா பிளாக்கர் மருந்தைத் தகுந்த நோயாளிகளில் எத்தனை பேருக்கு ஒவ்வொரு ஸ்தாபனமும் கொடுத்தது என்று ஆண்டுதோறும் கணக்கு வெளியாகத் தொடங்கியதும், 1996இல் சுமார் 60 சதவீதமாக இருந்த அந்த விகிதம் பத்தாண்டுகளில் 90ஐத் தாண்டிற்று. பிறர் பார்க்கிறார்கள் என்றால் வாசலைப் பெருக்கும் சுபாவம் ஸ்தாபனங்களுக்கும் உண்டு.

பற்பல ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிட்ட ராபர்ட் மில்லர், ஹெரால்டு லஃப்ட் ஆகியோர், நிர்வகிக்கப்பட்ட சிகிச்சை ஒரேயடியாக மேலானதும் அன்று, ஒரேயடியாகக் கீழானதும் அன்று என்றே கண்டனர். வாதம் இன்றும் ஓயவில்லை. முதியோருக்கான மெடிகேர் திட்டத்தில் தனியார் ஸ்தாபனங்கள் மறுத்த முன்னனுமதி விண்ணப்பங்களை ஆராய்ந்த சர்க்கார் தணிக்கையாளர்கள், அவற்றில் 13 சதவீதம் விதிப்படி அனுமதிக்கப்பட்டிருக்க வேண்டியவை என்று 2022இல் அறிவித்தனர்.

முன்பணம் வாங்கும் வைத்தியர் நல்லவரா, கட்டணம் வாங்கும் வைத்தியர் நல்லவரா என்ற கேள்விக்கு இத்தனை ஆண்டு ஆராய்ச்சியும் விடை தரவில்லை. கேட்க வேண்டிய கேள்வி அதுவன்று என்பதையே அது கற்பித்திருக்கிறது. ஒரு ஸ்தாபனம் இவ்வளவு மிச்சம் பிடித்தோம் என்று பெருமையோடு கணக்குக் காட்டும்போது, அந்தத் தொகை பலகையிலிருந்து அகற்றிய ஆணியால் வந்ததா, வாசலில் நின்ற நொண்டியைத் திருப்பியனுப்பியதால் வந்ததா என்று கேட்க வேண்டும். அதற்கு விடை காண, முதியவரும் ஏழையுமான நோயாளியின் வீட்டுக் கதவைத்தான் முதலில் தட்ட வேண்டும்.