மழைக்கு ஒரு மைதானம்

ஆண்டுதோறும் ஆகஸ்ட் கடைசியில் சுவீடன் தலைநகர் ஸ்டாக்ஹோமில் ‘உலக நீர் வாரம்’ நடக்கிறது. 1991-இல் தொடங்கிய மாநாடு இது. அமைச்சர்களும் பொறியாளர்களும் வங்கி அதிகாரிகளும் கூடுகிற அந்த இடத்தில், 1997 முதல் மாணவர்களுக்கும் ஒரு மேடை போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். ஸ்டாக்ஹோம் இளையோர் நீர்ப் பரிசு என்று அதற்குப் பெயர். 15 முதல் 20 வயதுக்குட்பட்டவர்கள் முதலில் தங்கள் நாட்டுப் போட்டியில் ஜெயிக்க வேண்டும். அப்புறம் தாங்கள் செய்த ஆய்வைத் தூக்கிக்கொண்டு ஸ்டாக்ஹோமுக்கு வந்து, நடுவர்கள் கேட்கும் கேள்விக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும்.

இதுவரை பரிசு வாங்கியவர்களின் பட்டியலைப் பார்த்தால் ஒன்று புரியும். பெரும்பாலும் கண்ணெதிரே கண்ட ஒரு தொல்லையிலிருந்துதான் அவர்கள் தொடங்கியிருக்கிறார்கள். 2015-இல் வென்ற அமெரிக்க மாணவர் பெர்ரி அழகப்பன் இந்திய வம்சாவளியினர். இந்தியாவுக்கு வந்திருந்தபோது, மின்னணுக் குப்பையிலிருந்து கசியும் உலோக நஞ்சு தண்ணீரைக் கெடுப்பதைப் பார்த்தார். ஊர் திரும்பி, அந்த உலோகங்களைப் பிரித்தெடுக்கும் வடிகட்டியை உருவாக்கினார். அடுத்த ஆண்டு பரிசு தாய்லாந்து மாணவிகள் மூவருக்குப் போனது. பனியையும் மழையையும் இலையடுக்கில் பிடித்து வைத்துக்கொள்ளும் ஒரு செடியைக் கூர்ந்து பார்த்து, அதே அமைப்பில் ரப்பர் மரத்துக்கு ஈரம் சேர்க்கும் சாதனம் ஒன்றைச் செய்திருந்தார்கள். 2020-இல் வென்ற ஜப்பானிய மாணவர்கள் இருவரும், மண்ணை அடித்து இறுக்கும் தங்கள் நாட்டுப் பழைய முறையைக் கையில் எடுத்து, ஓடும் மழைநீரைப் பிடிக்க வழி கண்டார்கள்.

குடிநீர், பாசனம், மாசு என்று இருந்த இத்தகைய மாணவர் கூடல்களில் இப்போது நகரமும் ஒரு பாடமாகச் சேர்ந்துகொண்டது. காரணம் தெளிவு. உலக மக்களில் பாதிக்கு மேல் இன்று நகரவாசிகள். அவர்கள் காலடியில் மண் கிடையாது, சிமென்டும் தாரும்தான். மேலே காற்றும் சூடேறிக்கொண்டிருக்கிறது. வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால் காற்று சுமார் 7 சதவீதம் அதிகமாக நீராவியைச் சுமக்கும். சுமந்ததை அது ஒரே மூச்சில் கொட்டும்போது, பழைய மழைக் கணக்கை வைத்துப் போட்ட குழாய்கள் திணறிப்போகின்றன.

இதை ஐரோப்பாவுக்குப் புரிய வைத்த நாள் 2011 ஜூலை 2. டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகனில் அன்று மாலை இரண்டே மணி நேரத்தில் சுமார் 150 மில்லிமீட்டர் மழை கொட்டியது. சென்னைவாசிக்கு 15 சென்டிமீட்டர் பெரிய எண்ணாகத் தோன்றாது. ஆனால் மழைநீரும் சாக்கடையும் ஒரே குழாயில் போகும் கோபன்ஹேகனில், குழாய் நிரம்பியதும் இரண்டும் கலந்து வீடுகளின் கீழ்த்தளங்களுக்குள் எதிரேறி வந்தன. சேதம் சுமார் 600 கோடி டேனிஷ் குரோனர்.

குழாயைப் பெரிதாக்குவதுதான் யாருக்கும் முதலில் தோன்றும் வழி. 2012-இல் கோபன்ஹேகன் தீட்டிய பெருமழைத் திட்டம் அதை மட்டும் நம்பவில்லை. தெருவையும் பூங்காவையும் கூட வடிகாலின் அங்கமாக்கிவிட்டது. சுமார் 300 சிறிய, பெரிய பணிகள். முடிய 20 ஆண்டுகள். நூறாண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய பெருமழை வந்தாலும் தெருவில் 10 சென்டிமீட்டருக்கு மேல் தண்ணீர் நிற்கக் கூடாது என்பது இலக்கு. ‘வெள்ளமே வராது’ என்று அவர்கள் சொல்லவில்லை. ‘கணுக்கால் அளவுக்கு வரும், கொஞ்ச நேரத்தில் வடிந்துவிடும்’ என்றார்கள். காலநிலையைத் தாங்கும் திறன் என்று மாநாட்டு மேடைகளில் சொல்லப்படுவதன் சாரம் இந்த நேர்மைதான். அங்குள்ள எங்ஹேவ் பூங்காவின் மூன்று பக்கமும் தாழ்வான சுவர் ஓடுகிறது. மற்ற நாட்களில் மக்கள் அதில் உட்கார்ந்து பேசுகிறார்கள். பெருமழையன்று அதே சுவர் ஏரிக்கரை ஆகிவிடும். உள்ளே சுமார் 2.26 கோடி லிட்டர் நிற்கும்.

இதைவிட மாணவர்களுக்கு நெருக்கமான கதை ஒன்று நெதர்லாந்தில் இருக்கிறது.

ரோட்டர்டாம் துறைமுக நகரத்தின் பெரும்பகுதி கடல் மட்டத்துக்குக் கீழே கிடக்கிறது. அங்கே பெய்த மழை தானாக எங்கும் ஓடிவிடாது. இறைத்து வெளியேற்ற வேண்டும். 1953-இல் கடல் உள்ளே புகுந்து அந்நாட்டில் 1,836 பேர் இறந்த பிறகு, டச்சுக்காரர்கள் கடலைத் தடுக்கப் பெரும் அணைகளையும் கதவுகளையும் கட்டினார்கள். கடலுக்குக் கதவு போட்டாயிற்று. வானத்துக்கு என்ன செய்வது? நெருக்கமான நகர்ப்பகுதியில் புதிதாகக் குளம் வெட்ட இடமில்லை. 2005-இல் ரோட்டர்டாம் கட்டடக்கலைக் கண்காட்சியையொட்டி ஒரு யோசனை பிறந்தது. தரைக்கடியில் கண்ணுக்குத் தெரியாத தொட்டி கட்டப் போகும் பணத்தில், மக்கள் புழங்கும் சதுக்கத்தையே தொட்டியாக்கினால் என்ன? வெயில் நாளில் அது விளையாட்டுத் திடல்; மழை நாளில் குளம்.

காகிதத்தில் அழகாக இருந்தது. நகரின் தென்பகுதியில் ஒரு சதுக்கத்தைத் தேர்ந்தெடுத்தபோது குடியிருப்போர் எதிர்த்தார்கள். தண்ணீர் தேங்கும் இடத்தில் எங்கள் பிள்ளைகள் விழுந்துவிட்டால் யார் பொறுப்பு என்று பெற்றோர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. அந்த இடம் கைவிடப்பட்டது.

அடுத்து பென்தெம்பிளைன் என்ற சதுக்கத்துக்கு வந்தபோது ‘தே உர்பானிஸ்தன்’ என்ற வடிவமைப்பு நிறுவனம் முதலில் ஆட்களைக் கூட்டியது. சதுக்கத்தை ஒட்டி ஒரு தொழிற்கல்லூரியும் வரைகலைப் பள்ளி ஒன்றும் இருக்கின்றன. பக்கத்தில் தேவாலயம், இளைஞர் நாடகக்குழு, உடற்பயிற்சிக்கூடம். அந்த மாணவர்கள், ஆசிரியர்கள், குடியிருப்போர் எல்லாரும் மூன்று பட்டறைகளில் உட்கார்ந்து பேசினார்கள். இங்கே என்ன செய்ய ஆசை? மழை வந்தால் தண்ணீர் எப்படித் தெரிய வேண்டும்? இளைஞர்கள் ஓடியாட இடம் வேண்டும். ஒதுங்கி உட்காரப் பசுமையான மூலைகளும் வேண்டும். தண்ணீரை ஒளித்து வைக்காதீர்கள், அது ஓடுவது கண்ணுக்குத் தெரியட்டும் என்பதில் எல்லாரும் ஒத்துப்போனார்கள். 2013 டிசம்பரில் சதுக்கம் திறக்கப்பட்டது.

அதை நெருங்கிப் பார்ப்போம். மொத்தம் மூன்று பள்ளங்கள். இரண்டு ஆழம் குறைந்தவை, ஒன்று ஆழமானது. ஆழமில்லாத முதல் பள்ளம் சக்கரப் பலகை ஓட்டுபவர்களுக்கு. இரண்டாவதன் நடுவில் ஒரு தீவு, அதன் மேல் நடனத்துக்கேற்ற வழவழப்பான தளம். மூன்றாவது முழு விளையாட்டுத் திடல். கால்பந்து, கைப்பந்து, கூடைப்பந்து மூன்றும் ஆடலாம், சுற்றிலும் படிக்கட்டில் உட்கார்ந்து பார்க்கலாம். தண்ணீர் நிற்கும் தரைக்கெல்லாம் நீலம் பூசியிருக்கிறார்கள். தண்ணீரைக் கொண்டுபோகும் கால்வாய்கள் பளபளக்கும் எஃகு. சக்கரப் பலகை உருண்டு போகிற அளவுக்கு அகலம்.

தூறல் விழுந்தால் சுற்றுக் கூரைகளின் தண்ணீர் எஃகுக் கால்வாய் வழியே ஆழமில்லாத இரண்டு பள்ளங்களுக்கு வரும். மழை விடாமல் பெய்தால்தான் ஆழமான திடலுக்குத் தண்ணீர் திறக்கும். அதுவும் மக்கள் பார்த்து நிற்க, ஒரு சுவரிலிருந்து அருவியாக விழும். மூன்றும் சேர்ந்து சுமார் 17 லட்சம் லிட்டர் பிடிக்கும். மழை நின்றதும் சிறிய பள்ளங்களின் நீர் நிலத்தில் ஊறி நிலத்தடி நீரோடு சேர்கிறது. ஆழமான திடலின் நீர் அதிகபட்சம் 36 மணி நேரத்தில் நகரக் கால்வாய்க்குப் போய்விடும். தேங்கினால் நோய் வரும் என்பதற்காக வைத்த கெடு அது. இங்கே சேரும் ஒவ்வொரு லிட்டரும் சாக்கடைக் குழாய்க்குள் போகாமல் தப்பிய லிட்டர். அதனால் குழாய் நிரம்பிக் கழிவு வெளியே வழிவது குறைகிறது.

முதல் சதுக்கம் நின்றுபோனதற்கும் இந்தச் சதுக்கம் எழுந்ததற்கும் இடையே பொறியியல் பெரிதாக மாறிவிடவில்லை. கேட்ட விதம் மாறியது. தினமும் அந்த இடத்தைக் கடந்து வகுப்புக்குப் போகிறவர்களை வரைபடம் முடிந்த பிறகு கூப்பிட்டுக் காட்டாமல், வரைவதற்கு முன்பே கூப்பிட்டார்கள். மாணவர் மாநாடுகளுக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

எல்லையையும் சொல்லிவிட வேண்டும். 2015 வாக்கில் சீனா ‘கடற்பாசி நகரம்’ என்ற பெரும் திட்டத்தைத் தொடங்கியது. பூங்காக்களும் ஈரநிலங்களும் ஊறும் தரைகளும் மழையை உறிஞ்ச வேண்டும் என்பது நோக்கம். அதில் பெரும் பணம் போட்ட நகரங்களில் செங்சோவும் ஒன்று. 2021 ஜூலை 20 அன்று அங்கே ஒரே மணி நேரத்தில் 201.9 மில்லிமீட்டர் மழை பெய்தது. மெட்ரோ சுரங்கத்துக்குள் வெள்ளம் புகுந்து பயணிகள் இறந்தார்கள். திட்டமே வீண் என்று இதற்குப் பொருளில்லை. சாதாரண மழைக்கும் கனமழைக்கும் பூங்கா போதும். பேய்மழைக்கு முன்னெச்சரிக்கையும், ரயிலை நேரத்தில் நிறுத்தும் துணிவும் வேண்டும். மாணவர்களுக்கு இந்த இரண்டாவது பாதியையும் சொல்லித்தர வேண்டும்.

ரோட்டர்டாமிலிருந்து சென்னைக்கு ஒரு நேர்க்கோடே இருக்கிறது. நெதர்லாந்து அரசு 2018-இல் ஆசிய நகரங்களுக்காக ஒரு நீர்த் திட்டத்தைத் தொடங்கியபோது சென்னை, வங்கதேசத்தின் குல்னா, இந்தோனேசியாவின் செமாராங் ஆகிய மூன்றைத் தேர்ந்தெடுத்தது. ரோட்டர்டாமின் ‘ஊஸ்’ கட்டடக்கலை நிறுவனமும் ஐ.ஐ.டி. மெட்ராஸ், கேர் எர்த் அறக்கட்டளை உள்ளிட்ட சென்னை அமைப்புகளும் சேர்ந்து ‘ஆயிரம் குளங்களின் நகரம்’ என்ற திட்டத்தை முன்வைத்தன. மழையைப் பிடி, கழிவுநீரைச் சுத்தம் செய், இரண்டையும் நிலத்தடிக்கு அனுப்பு என்பது அதன் சுருக்கம். முன்னோடிப் பணி ஒரு பள்ளி வளாகத்தில் நடந்தது. பார்வை, செவித்திறன் குறைபாடுள்ள பிள்ளைகள் படிக்கும் லிட்டில் ஃபிளவர் கான்வென்ட்டில், செடிகள் வளரும் வடிகட்டிப் படுகைகள் வழியாகக் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் அமைப்பைக் கட்டினார்கள்.

சென்னையின் கணக்கே வேறு என்பதையும் மறந்துவிடக் கூடாது. ரோட்டர்டாமில் மழை ஆண்டு முழுக்கச் சிறுகச் சிறுகப் பெய்யும். சென்னைக்கு ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர். அதில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். 2015 டிசம்பர் முதல் வாரத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் பதிவானது. நான்கு ஆண்டு கழித்து, 2019 கோடையில், பூண்டியும் சோழவரமும் செங்குன்றமும் செம்பரம்பாக்கமும் வறண்டுகிடந்தன. ஜோலார்பேட்டையிலிருந்து ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர் என்று ரயிலில் தண்ணீர் வந்தது. மூழ்கிய நகரமும் தவித்த நகரமும் ஒன்றேதான்.

மழைக்கு இடம் விடுவது தமிழ்நாட்டுக்கு யாரும் சொல்லித்தர வேண்டிய வித்தை இல்லை. செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கத்து ஏரிகள் சங்கிலியாகக் கோக்கப்பட்டவை. ஓர் ஏரி நிரம்பினால் மிகுநீர் கலங்கல் வழியே அடுத்த ஏரிக்குப் போகும். அந்தச் சங்கிலியின் கண்ணிகளை நகரம் ஒவ்வொன்றாக அறுத்தது. 1920-களில் மாம்பலம் பெரிய ஏரியை வடித்துத்தான் தியாகராய நகர் எழுந்தது. நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் வள்ளுவர் கோட்டம் நிற்கிறது. மழைக்காலத்தில் தி.நகரில் தண்ணீர் நிற்பதாகச் செய்தி வரும்போதெல்லாம், அது ஏரி இருந்த இடம் என்பதைப் படிப்பவர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

தமிழ்நாட்டுக் கல்லூரிகளிலும் இப்போது நீர், காலநிலை என்ற தலைப்புகளில் மாநாடுகள் நடக்கின்றன. வெளிநாட்டு மாணவர்களும் வருகிறார்கள். கட்டுரை வாசித்து, சான்றிதழ் வாங்கி, குழுப்படம் எடுத்துக் கலைந்தால் அந்த உழைப்பெல்லாம் பாழ். மாநாடு நடக்கும் வளாகத்தையே ஆய்வுப் பொருளாக்கினால் கதை வேறாகும். கணக்கு எளிது: ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். ஒரு ஏக்கர் வளாகத்தில் 10 சென்டிமீட்டர் பெய்தால் நான்கு லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் லாரி முப்பதுக்கும் மேல். அந்தத் தண்ணீர் எந்த வாசல் வழியே வெளியேறி எந்தத் தெருவில் நிற்கிறது? 2003-இல் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்புத் தொட்டி வளாகத்தில் எங்கே இருக்கிறது? அதன் கூழாங்கல்லையும் மணலையும் கடைசியாக எப்போது எடுத்துக் கழுவினார்கள்? இந்தக் கேள்விகளுக்கு நான்கு நாட்டு மாணவர்கள் சேர்ந்து விடை தேடினால் அதுதான் சர்வதேச மாநாடு.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும். பள்ளி, கல்லூரி நிர்வாகிகள் அதற்கு முன்பே தங்கள் வளாகத்தின் வடிகால் வரைபடத்தை எடுத்து மாணவர்கள் கையில் கொடுக்க வேண்டும். வரைபடமே இல்லையென்றால் மாணவர்களைக் கொண்டே வரையச் சொல்ல வேண்டும். அவர்கள் சுட்டிக்காட்டும் பள்ளத்தில் மண் கொட்டி மேடாக்கும் முன், அதை ஒரு குளமாக விட்டுவைக்க முடியுமா என்று ஒருமுறை அவர்களையே கேளுங்கள்.