நவம்பர் 14 வரை சும்மா இரு: பழைய புரோநோட்டும் மூணு வருஷக் கணக்கும்

(எபிசோடின் எழுத்து வடிவம். திரும்பத் திரும்ப வந்ததை எடுத்துவிட்டு, கொஞ்சம் ஒழுங்குபடுத்தியிருக்கிறோம். குரல் அனுப்பியவர் கேட்டுக்கொண்டபடி அவர் பெயர் இதில் இல்லை.)

இந்த வாரம் சுத்தி வளைக்காம நேரா விஷயத்துக்கு வந்துடறேன். வந்த வாய்ஸ் நோட் அப்படி. ஆறு நிமிஷம் ஓடுது, அதுல ரெண்டு நிமிஷம் அவர் ஒண்ணுமே பேசலை, மூச்சு மட்டும் கேக்குது.

பெங்களூர்ல வேலை பார்க்கிறார். சொந்த ஊர் பூதப்பாண்டி. நாகர்கோவிலுக்கு வடக்கே, தோவாளை தாலுகா ஆபீஸ் இருக்கிற ஊர். ஜீவா பிறந்த ஊர்னு சொன்னா நிறைய பேருக்குத் தெரியும். அவர் சொன்னதைச் சுருக்கி, முடிஞ்சவரை அவர் வார்த்தையிலேயே தர்றேன்:

"2022ல அப்பாவுக்கு ஆபரேஷன். எதிர்வீட்டு மாமா ஒன்றரை லட்சம் தந்தாரு. நூத்துக்கு ஒரு ரூவா வட்டி. புரோநோட்டு வாங்கி, ஸ்டாம்பு ஒட்டி, நான்தான் கையெழுத்து போட்டேன். தேதி 14-11-2022. அதுக்கப்புறம் துபாய் போனேன், வேலை நிலைக்கல, திரும்பி வந்துட்டேன். வட்டியும் குடுக்கல, அசலும் குடுக்கல. மாமா போன வருஷம் தவறிட்டாரு. அத்தை ஒரு மட்டம்கூட பைசா கேக்கல. வக்கீல்ட்ட ஜூனியரா இருக்க சினேகிதன் சொன்னான், 'நவம்பர் 14 வரைக்கும் சும்மா இருடே. அந்தப் பக்கமே போவாத. பேப்பர் காலாவதி ஆயிரும்'னு. அதனால தீவாளிக்கு ஊருக்குப் போகல. அம்மை போன் பண்ணி ஏன் வரலன்னு கேட்டுட்டே இருக்கா. இப்ப என்ன செய்ய?"

முதல்ல அந்த 'காலாவதி' என்ற வார்த்தையைப் பிரிச்சுப் பார்க்கலாம். மாத்திரை அட்டையில காலாவதி தேதி தாண்டினா மாத்திரையே கெட்டுப்போச்சுன்னு அர்த்தம். கடன் அப்படி இல்லை. 1963ம் வருஷத்துக் காலவரையறைச் சட்டம் செய்யறது ஒண்ணுதான்: குறிப்பிட்ட நாளுக்கு அப்புறம் வழக்குப் போட்டா கோர்ட் தள்ளுபடி பண்ணணும். எதிர்த்தரப்பு வாயைத் திறக்கலைன்னாலும் தள்ளுபடி பண்ணணும்னு அந்தச் சட்டத்தோட 3வது பிரிவு சொல்லுது. ஆனா கடன் அங்கேயேதான் இருக்கும். கோர்ட் கதவு மட்டும்தான் சாத்தப்படுது. 1957ல பாம்பே டையிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாச் சொல்லியிருக்கு. அதனாலதான், காலம் தாண்டின கடனை யாராவது மனசறிஞ்சு திருப்பிக் கொடுத்துட்டு, அப்புறம் 'தெரியாம கொடுத்துட்டேன், திருப்பித் தா'ன்னு கேட்க முடியாது. இருந்த கடனைத்தானே கொடுத்தீங்க?

எல்லா ஊர்லயும் இப்படி இல்லை. ஸ்காட்லாந்தில் 1973ம் வருஷத்துச் சட்டப்படி சாதாரணக் கடன் 5 வருஷத்தில் அழிஞ்சே போயிடும். கடனே இல்லைன்னு ஆயிடும். பக்கத்திலேயே இங்கிலாந்தில் 6 வருஷம், ஆனா நம்மள மாதிரி கோர்ட் கதவுதான் சாத்துது. இலங்கையில் 1871ம் வருஷத்துக் கட்டளைச் சட்டம்தான் இன்னும் ஓடுது. அங்கே எழுத்தில் இருக்கிற கடனுக்கு 6 வருஷம், எழுதாமக் கொடுத்த கைமாத்துக்கு 3 வருஷம்.

நம்ம ஊர் புரோநோட்டுக்கு வருவோம். கடையில கிடைக்கிற ஃபாரத்தை எடுத்துப் பாருங்க, 'தாங்கள் கேட்கும்போது' தருகிறேன்னு இருக்கும். அதைப் படிச்சுட்டு, அவங்க கேட்ட நாள்ல இருந்துதான் மூணு வருஷம் ஓடும்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. தப்பு. கேட்டதும் தர வேண்டிய நோட்டுக்கு, அதில் எழுதின தேதியில இருந்தே 3 வருஷம். முதல் நாளைக் கணக்கில் சேர்க்க மாட்டாங்க. அதனால 14-11-2022 நோட்டுக்குக் கடைசி நாள் 14-11-2025. அன்னைக்குக் கோர்ட் லீவுன்னா திறக்கிற நாள் வரைக்கும் உண்டு. மாமா இறந்துட்டாரேன்னு கடிகாரம் நிக்காது. ஓட ஆரம்பிச்ச காலத்தைப் பின்னால வர்ற எந்தத் தடங்கலும் நிறுத்தாதுன்னு 9வது பிரிவு சொல்லுது. அது வரைக்கும் சினேகிதர் சொன்னது சரி.

ரெண்டு இடத்தில் அவர் தப்பு. முதல் தப்பு, 'அந்தப் பக்கமே போவாத' என்றது. கடிகாரத்தை மறுபடி முதல்ல இருந்து ஓட வைக்கிற விஷயம் ரெண்டே ரெண்டுதான். ஒண்ணு, காலம் முடியறதுக்குள்ள, கடன் இருக்குன்னு ஒப்புக்கிட்டு எழுதிக் கையெழுத்து போடறது, பிரிவு 18. இன்னொண்ணு, காலத்துக்குள்ள வட்டியோ அசலில் ஒரு பகுதியோ கொடுத்து, அது கொடுத்தவர் கையெழுத்தில பதிவாகறது, பிரிவு 19. வாய்வார்த்தை இதில் எங்கேயும் இல்லை. அத்தை வீட்டுத் திண்ணையில உக்காந்து காப்பி குடிச்சு, 'சீக்கிரம் தந்துடறேன்'னு நூறு தடவை சொன்னாலும் சட்டப்படி ஒரு நாள்கூட நீளாது. ஆக, இவர் ஊருக்குப் போயிருக்கலாம். அம்மையோட தீபாவளி வீணாப் போனதுதான் மிச்சம்.

எழுத்து விஷயத்தில் மட்டும் சட்டம் ரொம்ப நுணுக்கமா இருக்கு. 'இப்போதைக்குத் தர முடியாது'ன்னு மறுத்து ஒரு லெட்டர் எழுதிக் கையெழுத்து போட்டாலும், அதில் கடன் இருக்குன்னு ஒப்புக்கிட்டா போதும், புதுசா 3 வருஷம் ஆரம்பிச்சுடும். அந்த லெட்டர் கடன் கொடுத்தவருக்குத்தான் எழுதியிருக்கணும்னுகூட இல்லை, வேற யாருக்காவது எழுதியிருந்தாலும் செல்லும். வாட்ஸ்அப்ல 'பணம் ரெடி பண்றேன் அத்தை'ன்னு அனுப்பினா அது கையெழுத்தான எழுத்தான்னு வக்கீல்கள் சண்டை போடலாம். சண்டை போட இடம் இருக்குங்கிறதை மட்டும் மனசில வச்சுக்கோங்க.

ரெண்டாவது தப்புதான் பெருசு. நான் இவர்கிட்ட ஒரே ஒரு கேள்வி திருப்பிக் கேட்டேன்: துபாய்ல எத்தனை நாள் இருந்தீங்க? 2023 பிப்ரவரியில இருந்து 2024 ஏப்ரல் வரைன்னு பதில் வந்தது. சுமார் 14 மாசம். காலவரையறைச் சட்டம் 15வது பிரிவு, உட்பிரிவு 5: பிரதிவாதி இந்தியாவுக்கு வெளியே இருந்த காலத்தைக் கணக்கில் இருந்து கழிச்சுடணும். அப்படின்னா இவர் கேஸில் கதவு 2025 நவம்பரில் சாத்தாது. 2027 ஜனவரி வரை திறந்திருக்கும். கன்னியாகுமரி மாவட்டத்தில் வீட்டுக்கு ஒருத்தர் வளைகுடா போய் வந்திருப்பாங்க, இந்த உட்பிரிவு அங்கே எத்தனை பேருக்குத் தெரியும்னு எனக்குச் சந்தேகம்.

அவர் நீண்ட நேரம் பதில் போடலை. அப்புறம் ஒரு வரி: "அப்போ இன்னும் 14 மாசம் ஒளிஞ்சு நடக்கணுமா?"

இதுல எனக்குத் தோணினதைச் சொல்லிடறேன், ஒத்துக்கறதும் ஒத்துக்காததும் உங்க இஷ்டம். இந்தச் சட்டத்துக்கு நல்ல காரணம் இருக்கு. சாட்சி செத்துப் போவாங்க, பேப்பர் செல்லரிக்கும், கொடுத்துத் தீர்த்ததுக்கு ரசீது தொலையும். இருபது வருஷம் கழிச்சு ஒருத்தர் வந்து உங்க தாத்தா கையெழுத்துன்னு நீட்டினா நீங்க என்ன செய்வீங்க? அதுக்காகத்தான் எல்லை. நம்ம ஆள் கேஸில் அந்தக் காரணம் ஒண்ணுமே இல்லை. வாங்கினது அவருக்கு ஞாபகம் இருக்கு, கொடுக்காததும் ஞாபகம் இருக்கு. கோர்ட்டுக்கு வேண்டிய சந்தேகத்தை அவர் தனக்கும் வேணும்னு எடுத்துக்கிறார்.

எதிர்ப்பக்கத்தையும் பாருங்க. அத்தை வழக்குப் போடணும்னா முதல்ல அந்தப் பேப்பரில் என்ன இருக்குன்னு தெரியணும். அசலும் வட்டியுமா சுமார் 2,04,000 ரூபாய்க்குத் தமிழ்நாட்டில் கோர்ட் கட்டணம் 3 சதவீதம், அதாவது 6,120 ரூபாய். 2017க்கு முன்னாடி 7.5 சதவீதம், இப்ப குறைச்சிருக்காங்க. மேல வக்கீல் ஃபீஸ். கடன் கொடுத்தவர் இறந்துட்டதால, வாரிசுரிமைச் சான்றிதழ் இல்லாம கோர்ட் தீர்ப்பு கொடுக்காது, அதுக்குத் தனியா மனு. புருஷன் போன ஒரு வருஷத்தில் இதையெல்லாம் யார் செய்வாங்க? அவங்க கேக்காததை 'பெருந்தன்மை'ன்னு சினேகிதர் மொழிபெயர்க்கிறார். எனக்கு அது வெறும் களைப்பு மாதிரிதான் தெரியுது.

ஒரு சின்ன கிளைக்கதை. கடன்காரனைக் காப்பாத்தற எல்லை அவனையே கடிச்ச வரலாறும் இருக்கு. வெள்ளைக்காரன் 1859ல கொண்டுவந்த சட்டம் கைக்கடனுக்கு 3 வருஷம்னு வச்சது. மகாராஷ்டிரப் பக்கம் சாவுகார்கள் என்ன செஞ்சாங்க தெரியுமா? மூணு வருஷம் முடியறதுக்குள்ள விவசாயியைக் கூப்பிட்டு, வட்டியை அசலோட சேர்த்துப் புதுப் பத்திரம் எழுதி வாங்கினாங்க. மறுத்தா உடனே கேஸ். கடன் குட்டி போட்டுக்கிட்டே போச்சு. 1875 மே மாசம் புனே பக்கத்தில் சூபா என்ற ஊரில் கலவரம் ஆரம்பிச்சது, எரிச்சது முக்கியமா பத்திரங்களைத்தான். அப்புறம் 1879ல தக்காண விவசாயிகள் நிவாரணச் சட்டம் வந்தபோது, அந்த விவசாயிகளுக்கு எல்லையைக் குறைக்கலை, கூட்டினாங்க: 6 வருஷம், பதிவு செஞ்ச பத்திரத்துக்கு 12. அவசரப்படுத்தாம விட்டா கடன்காரன் மூச்சு விடுவான்னு ஒரு கணக்கு.

நாஞ்சில் நாட்டில் அந்த மூச்சு விடற இடைவெளி அறுவடையில இருந்தது. கன்னிப்பூ, கும்பப்பூன்னு வருஷத்துக்கு ரெண்டு பூ. 'கும்பப்பூ அறுத்ததும் தாறேன்' என்பது அங்கே தவணைத் தேதி. திருவிதாங்கூர்க் காலத்துப் பாட்டிகள் பணத்தையே சக்கரம்னுதான் சொல்வாங்க, 28 சக்கரம் ஒரு ரூபாய். மாசச் சம்பளக்காரங்களுக்கு அறுவடை கிடையாது. ஒண்ணாந்தேதி வருது, இஎம்ஐ பிடிக்குது, மீதி ஸ்விக்கிக்குப் போகுது.

'அப்போ என் கிரெடிட் கார்டு கடன்?'னு கமென்ட்ல கேட்பீங்க. அதுக்கும் 3 வருஷக் கணக்கு உண்டு, ஆனா அங்கே எதிர்ல இருக்கிறது அத்தை இல்லை. உண்மையிலேயே முடியாம நின்னுபோனவங்களை நான் குத்தம் சொல்ல மாட்டேன். ஏஜென்ட் போன் பண்ணி 'ஒரு ஆயிரமாவது கட்டுங்க, ஒரு கையெழுத்து போடுங்க'ன்னு சொன்னா, அது எதுக்குன்னு இப்ப உங்களுக்குத் தெரியும். காலம் தாண்டின அப்புறமும், 'தர்றேன்'னு எழுதிக் கையெழுத்து போட்டுக் கொடுத்தா, 1872ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம் 25(3) பிரிவுப்படி அது புது ஒப்பந்தமாவே ஆயிடும். வீட்டை அடமானம் வச்ச கடனுக்கு 12 வருஷம். நகைக்கடனுக்கு இந்த எல்லை உதவவே உதவாது. நகை அவங்க கையில இருக்கே, ஏலம் விடக் கோர்ட் எதுக்கு?

பூதப்பாண்டிக்காரர்கிட்ட கையில இருக்கிறது 80,000. முழுசும் இல்லாததால போகவே கூச்சமா இருக்குன்னார். முழுசும் வேணாம். வட்டிக்கணக்கு ஈஸி: மாசம் 1,500, 36 மாசத்துக்கு 54,000. எண்பதில் அது போக 26,000 அசலில் கழிஞ்சா, மிச்ச அசல் 1,24,000. அப்புறம் மாச வட்டி 1,240. இந்தப் பிரிப்பைப் பேசி முடிவு பண்ணி எழுதிடணும், இல்லைன்னா பின்னாடி எது அசல் எது வட்டின்னு தகராறு வரும்.

எங்கே எழுதறது? நோட்டோட பின்பக்கம். தேதி, கொடுத்த தொகை எண்ணிலும் எழுத்திலும், வட்டிக்கு இவ்வளவு, அசலுக்கு இவ்வளவு, மீதி இவ்வளவு, கீழே இவர் கையெழுத்து. ஊர்ல இதை 'வரவு வைக்கிறது'ன்னு சொல்வாங்க. ஜிபேல அனுப்பினா பணம் போகும், ஆனா இந்தக் கையெழுத்து இருக்காது, அத்தைக்குப் பாதுகாப்பும் இருக்காது. எழுதினதை இவர் போன்ல ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கட்டும். அத்தைக்கு வெளியூரில் பிள்ளைகள் இருந்தா, அவங்களும் வாரிசுதான், அவங்களுக்கும் தெரிஞ்சே நடக்கட்டும். கடைசித் தவணை அன்னைக்கு அசல் நோட்டைத் திருப்பி வாங்காம வரக் கூடாது.

நேத்து ராத்திரி மெசேஜ் வந்தது. நவம்பர் 1, சனிக்கிழமை போறாராம். குமரி மாவட்டம் தமிழ்நாட்டோட சேர்ந்த நாள், 1956ல. உள்ளூர் லீவு, எல்லாரும் வீட்ல இருப்பாங்க. இன்னொரு கேள்வியும் இருந்தது: துபாய் கணக்கை அத்தைகிட்ட சொல்லணுமா? அன்னைக்கு வரவு வச்சுக் கையெழுத்து போட்டா அந்தத் தேதியில இருந்து புதுசா 3 வருஷம், 2028 நவம்பர் 1 வரை. அதுக்கப்புறம் துபாய் கணக்கு யாருக்கும் தேவைப்படாது. பேனா மட்டும் நல்லதா எடுத்துட்டுப் போங்க, ஜெல் பேனா வேண்டாம், பழைய நோட்டுத் தாள்ல ஊறும்.