சமயபுரத்துக்கு நடந்தேன்... ஷூவைச் சுமந்துகொண்டு!

டாக்டர் தினமும் அரை மணி நேரம் நடக்கச் சொல்லி மூன்று வருஷம் ஆகிறது. நானும் அவர் பேச்சைத் தட்டவில்லை. நடக்கிறேன்... வாசற்படியிலிருந்து ஸ்கூட்டர் வரைக்கும்! தெருமுனையில் பால் வாங்கக்கூட வண்டியை உதைக்கிற ஆசாமி நான். அப்படிப்பட்டவன் வேப்பந்தட்டையிலிருந்து சமயபுரத்துக்கு நடந்தே போகப்போகிறேன் என்றதும் என் மனைவி கேட்ட முதல் கேள்வி: ‘‘அது சரி, யாரு தூக்கிட்டு வர்றது?’’

தூரம் ஏறக்குறைய 60 கிலோமீட்டர். காரணம், அம்மா.

எனக்கு ஐந்து வயதில் அம்மை போட்டிருந்தபோது, ‘‘புள்ள பொழச்சா வருஷா வருஷம் நடந்தே வர்றேன் தாயே’’ என்று வேண்டிக்கொண்டாளாம். முழங்கால் தேய்கிறவரை நடந்தாள். ‘‘ஒரு வருஷம் நீயும் கூட வாயேன்டா’’ என்பாள். ‘‘பஸ் எதுக்கும்மா விட்டிருக்கான்?’’ என்பேன். உண்டியலில் போடச் சொல்லி நூறு ரூபாயைக் கையில் திணித்துவிட்டால் என் கடமை முடிந்தது. அம்மா போய், தலைத்திவசமும் ஆன பிறகுதான் ‘சரி, வர்றேன்’ என்று சொல்லத் தோன்றியது. கேட்பதற்குத்தான் ஆள் இல்லை.

சமயபுரத்தில் ஒரு விசேஷம் உண்டு. எல்லா ஊரிலும் பக்தர்கள் சாமிக்காக விரதம் இருப்பார்கள். இங்கே மாசிக் கடைசி ஞாயிறிலிருந்து 28 நாள் மாரியம்மனே ஜனங்களுக்காகப் பச்சைப் பட்டினி கிடக்கிறாள். அந்த நாட்களில் சமைத்த நைவேத்தியம் கிடையாது. துள்ளுமாவு, இளநீர், பானகம், நீர்மோர், அவ்வளவுதான். பிறகு சித்திரை முதல் செவ்வாய்க்கிழமை தேர். அதைப் பார்க்கத்தான் பல மாவட்டங்களிலிருந்தும் மஞ்சள் துணி கட்டிக்கொண்டு சாரி சாரியாக நடக்கிறார்கள்.

சித்திரை ஞாயிறு, சாயங்காலம் ஆறு மணி. எங்கள் கோஷ்டியில் பதினான்கு பேர். தலைவி எழுபது வயதைத் தாண்டிய ஒரு பாட்டி. ஊருக்கே அவர் ‘அப்பாயி’. என் புது ஷூவை ஏற இறங்கப் பார்த்தார். ‘‘இதென்ன தம்பி, மாட்டுக்கு லாடம் கட்டின மாதிரி?’’ என்றார்.

அனுக்கூர், எசனை தாண்டியதும் அப்பாயியின் தீர்க்கதரிசனம் பலித்தது. இரண்டு குதிகாலிலும் கொப்புளம்! பெரம்பலூர்வரை ஷூ என்னைச் சுமந்தது. அதற்கப்புறம் ஷூவை நான் சுமந்தேன்.

அங்கே ஒரு கல்யாண மண்டபத் திண்ணையில் தலைசாய்த்துவிட்டு, விடியற்காலை நாலு மணிக்கு மறுபடி நடை. சிறுவாச்சூர் மதுரகாளி வழக்கமாகத் திங்கள், வெள்ளி மட்டும்தான் தரிசனம் தருவாள். நாங்கள் போனது திங்கள். ‘‘கணக்குப் போட்டுத்தான் கெளம்பறது’’ என்று அப்பாயி கண்ணடித்தார்.

அதுவரை என் மண்டைக்குள் ஒரே இரைச்சல். ஆபீஸ் ஃபைல், பெண்ணின் காலேஜ் அட்மிஷன், பக்கத்து வீட்டுக்காரரின் காம்பவுண்ட் சுவர்... சிறுவாச்சூர் தாண்டி வெயில் ஏற ஏற ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டன. கடைசியில் மிஞ்சியது இரண்டே சிந்தனை. அடுத்த நிழல் எங்கே? அடுத்த தண்ணீர் எங்கே?

பாடாலூருக்குச் சற்று முன்னால் சாலையோரம் ஒரு தென்னங்கீற்றுப் பந்தல். அம்மா, அப்பா, இரண்டு பிள்ளைகள் என்று ஒரு குடும்பமே நின்று நீர்மோர் ஊற்றிக்கொண்டிருந்தது. இரண்டு டம்ளர் குடித்தேன். பழக்கதோஷம், பர்ஸை எடுத்தேன்.

‘‘காசை உள்ள வைங்க சாமி. காசு வாங்கினா அது கடை ஆயிடும்ல?’’ என்றார் அந்த அம்மா. ‘‘எங்களால நடக்க முடியலை. எங்களுக்கும் சேர்த்துத்தானே நீங்க நடக்கறீங்க!’’

அவர் கணவர் ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து, நான் தடுக்கத் தடுக்க என் காலில் ஊற்றினார்.

எனக்குப் பேச்சே வரவில்லை. எதையும் காசு கொடுத்துக் கணக்குத் தீர்த்துப் பழகியவன் நான். அம்மாவுக்குக்கூட நூறு ரூபாய்தான் கொடுத்தேன்; அவளோடு நாலு எட்டு நடக்கவில்லை. கையேந்தி வாங்கிக்கொள்ளவும் ஒரு மனசு வேண்டும் என்பது இந்த வயதில், வெறுங்காலோடு நிற்கும்போதுதான் உறைத்தது. நமக்காகச் சாமியே பட்டினி கிடக்கிற ஊருக்குப் போகிற வழியாயிற்றே, அது!

வெளிநாட்டிலும் இதே கதைதான். அமெரிக்காவில் அப்பலாச்சியன் பாதை என்று சுமார் 3,500 கிலோமீட்டர் மலைவழி இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் நெருங்கிய நண்பனைப் பறிகொடுத்துத் திரும்பிய எர்ல் ஷாஃபர், 1948-ல் அதை ஒரே மூச்சாக நடந்து முடித்தார். மனசுக்குள் ஓடிய போரை நடந்தே கரைக்கப் பார்த்தார் மனிதர். ஸ்பெயினில் யாகப்பர் கோயிலுக்கு 800 கிலோமீட்டர்போல நடக்கிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். நமக்கு 60 கிலோமீட்டரே போதுமானதாக இருக்கிறது. வெயில் அப்படி!

ஒரு விஷயம் மட்டும் சீரியஸாக. திருச்சி–சென்னை நான்குவழிச் சாலையில் ராத்திரி நடப்பது விளையாட்டல்ல. பாதயாத்திரை போனவர்கள்மீது வண்டி மோதிய செய்திகளை நாம் படித்துக்கொண்டுதான் இருக்கிறோம். முதுகில் ஒளிரும் ஸ்டிக்கர், கையில் டார்ச், எதிரே வரும் வண்டி கண்ணுக்குத் தெரிகிற ஓரத்தில் ஒற்றை வரிசை, தூக்கம் வந்தால் உடனே ஓய்வு. இந்த நாலையும் அப்பாயி கண்டிப்பாக அமல்படுத்தினார். ‘‘ஆத்தாளைப் பாக்கத்தான் போறோம், ஆத்தாகிட்டயே போய்ச் சேர இல்ல!’’

நள்ளிரவு சமயபுரம். ஜனசமுத்திரம். தள்ளுமுள்ளுவில் நசுங்கி, சன்னிதி முன்னால் எனக்குக் கிடைத்தது மூன்றே விநாடி. பிரமோஷன், அட்மிஷன் என்று பெரிய லிஸ்ட்டே வைத்திருந்தேன். ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை. ‘‘அம்மா...’’ என்று மட்டும்தான் வாயில் வந்தது. எந்த அம்மாவைக் கூப்பிட்டேன் என்று இன்னமும் தெரியவில்லை.

மறுநாள் தேர் பார்த்துவிட்டு பஸ்ஸில் திரும்பினேன். ஒன்றரை நாள் நடந்த தூரத்தை ஒரு தூக்கத்தில் கடந்துவிடலாம். ஆனால் தூக்கம் வரவில்லை. இருபது வருஷமாக இந்தச் சாலையில் பஸ்ஸில் போய் வருகிறேன். ஒரு புளியமரத்தைக்கூடப் பார்த்ததில்லை. இப்போது உட்கார்ந்த நிழல் ஒவ்வொன்றும் அடையாளம் தெரிந்தது. பாடாலூர்ப் பந்தல் வந்தபோது ஜன்னல் வழியே கையெடுத்துக் கும்பிட்டேன். பக்கத்து சீட்காரர், ‘‘எந்தக் கோயில் சார்?’’ என்று எட்டிப் பார்த்தார்.

ஆத்தூர்ப் பக்கமிருந்து சமயபுரம் நடக்கிறவர்கள் எங்கள் ஊர் வழியாகத்தான் போக வேண்டும். வருகிற சித்திரைக்கு வீட்டு வாசலில் ஒரு பந்தல் போடுவதாக உத்தேசம். மோருக்கு இரண்டு பெரிய மண்பானை சொல்லி வைத்திருக்கிறேன்.

பானை சொல்ல நடந்தேதான் போனேன். மனைவி இன்னும் நம்பவில்லை!