காயல் துறையில் இறங்கிய குதிரைகள்

அரபு நாட்டுக் குதிரைகள் ஒரு காலத்தில் காயல் துறையில் கப்பலிலிருந்து இறங்கின, பாண்டியர்களுக்கு விற்கப்பட்டன. 1292ஆம் ஆண்டையொட்டி இங்கு வந்த மார்க்கோ போலோ, வாங்கிய குதிரைகளில் பெரும்பாலானவை ஆண்டு முடிவதற்குள் மாண்டுபோயின என்று எழுதுகிறார். (அவர் கண்ட காயல், காயல்பட்டினத்திற்கு வடக்கேயுள்ள பழையகாயல் என்பது கால்டுவெல்லின் முடிவு.) குதிரைகளுக்குச் சோறும் இறைச்சியும் சமைத்துப் போட்டார்களாம்!

பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் தரும் பட்டியல் வேறு: வறுத்த வாற்கோதுமை, நெய் சேர்த்த தானியம், காய்ச்சிய பசும்பால். கொழுக்க வேண்டுமென்று நாற்பது நாள் முளையடித்துக் கட்டியும் வைப்பார்களாம். விரைவிலேயே குதிரை சோர்ந்து மந்தமாகிவிடும் என்கிறார்.

நெய்தான் கெடுத்தது என்று உங்களுக்குத் தோன்றும். அவ்வளவு எளிதன்று. குதிரைக்குப் பித்தப்பை கிடையாது. ஆனால் கல்லீரலிலிருந்து பித்தநீர் ஓயாமல் சிறுகுடலுக்குள் கசிந்துகொண்டே இருக்கிறது. ஆகவே, சிறுகச் சிறுகப் பழக்கினால் கொழுப்பை அது நன்றாகவே செரித்துவிடும்.

தொல்லை தருவது மாவுச்சத்து. அது குளுக்கோஸாகி இரத்தத்தில் கலந்ததும் கணையம் இன்சுலினைச் சுரக்கிறது. இன்சுலின் சர்க்கரையைத் தசைக்குள் புகுத்துகிறது. தானியம் மிகுந்து, ஓட்டம் குறைந்து, உடல் பருத்தால், தசைகள் இன்சுலினின் கட்டளைக்கு எளிதில் பணிவதில்லை. கணையம் இன்னும் அதிகமாகச் சுரக்கிறது. இதுவே இன்சுலின் எதிர்ப்பு.

மனிதருக்கானால் நீரிழிவு வரும். குதிரைக்கோ பெரும்பாலும் அடி விழுவது குளம்பில்! 2007இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் நலமான மட்டக்குதிரைகளுக்கு இன்சுலினைத் தொடர்ந்து செலுத்தினார்கள். சர்க்கரை குறையாதிருக்கக் குளுக்கோஸும் கொடுத்தார்கள். மூன்று நாட்களுக்குள் குளம்பழற்சி கண்டது. இந்நோயில் குளம்பையும் உள்ளெலும்பையும் பிணைக்கும் மடிப்புத் திசு தளர்கிறது. முற்றினால் எலும்பே கீழே சரியும்.

தானியத்தைக் குறைத்து, அதற்குப் பதிலாக எண்ணெயும் நார்த்தீனியும் கொடுத்த குதிரைகளில் இன்சுலின் நன்றாக வேலை செய்வதை ஆய்வுகள் காட்டியுள்ளன. 'பதிலாக' என்ற சொல்லைக் கவனியுங்கள். காயலில் நெய் தானியத்திற்குப் பதிலாக அல்ல, தானியத்தின் மேலேயே விழுந்தது. கொழுப்பின் சக்தி, எடைக்கு எடை, மாவுச்சத்தினதைப்போல் இரு மடங்குக்கும் மேல். அதை எரிக்க ஓட்டமோ இல்லை. கடற்பயணக் களைப்பு, வெயில், லாடம் அடிக்கவும் மருந்து கொடுக்கவும் ஆளில்லாமை ஆகியவையும் சேர்ந்திருக்கும். ஆனாலும் நெய்க்கிண்ணத்தைவிட அந்த நாற்பது நாள் கட்டுத்தறியின்மேல்தான் எனக்குச் சந்தேகம் அதிகம்.

இன்று இத்தகைய குதிரைக்கு மருத்துவர்கள் முதலில் தானியத்தை நிறுத்துகிறார்கள். உலர்புல்லைக்கூடத் தண்ணீரில் ஊறவைத்து, அதிலுள்ள சர்க்கரையைக் கரைத்து வடித்துவிட்டே போடச் சொல்கிறார்கள். குளம்பு வலி தீர்ந்த பிறகுதான் நடையும் ஓட்டமும்.